சைக்கிளா, பைக்கா? மாதம் 7 ஷிப்டு சம்பளத்தை விழுங்கும் வண்டி: பனியன் தொழிலாளியின் பாக்கெட் கணக்கு

திருப்பூர்,

காலை 8 மணிக்கு மங்கலம் ரோட்டிலோ, பி.என். ரோட்டிலோ ஒரு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பைக், மொபட், ஸ்கூட்டி, கம்பெனி வேன், டவுன் பஸ் என்று சாலையே தெரியாத அளவுக்கு வண்டிகள். அதில் சைக்கிள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணி விடலாம்.

ஒரு காலத்தில் இதே ரோடுகளில் சைக்கிள்தான் ராஜா. டிபன் கேரியரை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, பின்னால் தம்பியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு அனுப்பர்பாளையத்தில் இருந்தும் ஆண்டிபாளையத்தில் இருந்தும் தொழிலாளர்கள் சாரை சாரையாக வருவார்கள். கம்பெனிக்கு கம்பெனி சைக்கிள் ஷெட் இருந்தது. அந்த ஷெட்டுகள் இப்போது பெரும்பாலும் அட்டை பெட்டி அடுக்கும் இடமாகவும், பைக் நிறுத்தும் இடமாகவும் மாறி விட்டன.

பைக் வாங்கியதில் தப்பு ஒன்றும் இல்லை. வசதி வந்தால் வண்டி வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் உண்மையிலேயே வசதி வந்துதான் வாங்கினோமா, அல்லது வண்டி வாங்கியதால் வசதி போனதா என்று ஒரு கணக்கு போட்டு பார்த்தால் தலை சுற்றுகிறது.

பாக்கெட்டை காலி செய்யும் கணக்கு

கணக்கை ரொம்ப எளிமையாகவே போடுவோம். வீட்டில் இருந்து கம்பெனி 8 கிலோமீட்டர். போக வர 16. மாதம் 26 நாள் வேலை என்றால் 416 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 830 ரூபாய். இது வேலைக்கு போய் வர மட்டும். ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு, கறிக்கடை, சினிமா எல்லாம் தனி.

100 சிசி பைக் ஒன்றை முன்பணம் 20 ஆயிரம் கட்டி, மீதி 65 ஆயிரத்துக்கு மூன்று வருட கடன் போட்டால், வருடத்துக்கு 10 சதவீத நேர் வட்டியில் மாத தவணை சுமார் 2 ஆயிரத்து 350 ரூபாய் வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி சர்வீஸ் விட 750 என்றால் மாதம் 250. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், 75-க்கு மேல் 150 சிசி வரை உள்ள வண்டிக்கு வருடம் 714 ரூபாய் என்று 2022-ல் நிர்ணயித்தார்கள். அது மாதம் 60 ரூபாய்.

எல்லாம் கூட்டினால் 3 ஆயிரத்து 490 ரூபாய். ஒரு ஷிப்டு சம்பளம் 500 என்று எடுத்துக்கொண்டால் சுளையாக 7 ஷிப்டு. 26 ஷிப்டு பார்த்து வாங்கும் 13 ஆயிரத்தில் கால் பங்குக்கு மேல் வண்டிக்கே போகிறது. கட்டிய முன்பணம் 20 ஆயிரத்தை இதில் சேர்க்கவே இல்லை. டயர் தேய்வது, செயின் மாற்றுவது, பேட்டரி போவது எதையும் சேர்க்கவில்லை.

அதாவது மாதத்தில் முதல் ஒரு வாரம் நாம் தைப்பது வீட்டுக்காக அல்ல. வேலைக்கு வந்து போவதற்காகத்தான் வேலையே பார்க்கிறோம்.

கடன் முடிந்த பிறகும் மாதம் ஆயிரத்து 140 ரூபாய் நிற்காது. அது இரண்டு ஷிப்டுக்கு மேல்.

சைக்கிள் பக்கம் வருவோம். சாதாரண சைக்கிள் 6 ஆயிரம் ரூபாய். ஐந்து வருடம் ஓடினால் மாதம் 100 ரூபாய். பஞ்சர், பிரேக் கட்டை, டியூப் என்று இன்னொரு 100. மொத்தம் 200. ஒரு ஷிப்டில் பாதி கூட இல்லை. சம்பளமும் தூரமும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் தூரம், உங்கள் தவணை, உங்கள் சம்பளத்தை போட்டு நீங்களே கணக்கு பாருங்கள். ரூபாய் மாறலாம், ஆனால் எது ஜெயிக்கும் என்பது மாறாது.

2025 செப்டம்பர் 22-ந் தேதி சைக்கிள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 ஆக குறைந்தது. அதே நாளில் 350 சிசி வரை உள்ள பைக்குகளுக்கும் 28-ல் இருந்து 18 ஆக குறைந்தது. 6 ஆயிரம் ரூபாய் சைக்கிளில் நானூறு ரூபாய் மிச்சம் என்றால், பைக்கில் ஆயிரக்கணக்கில் மிச்சம். அந்த தீபாவளிக்கு கூட்டம் எந்த ஷோரூமுக்கு போயிருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

அபராதம் வேறு

2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் போக்குவரத்து அபராதங்கள் உயர்ந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஹெல்மெட் இல்லாவிட்டால் ஆயிரம். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2 ஆயிரம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5 ஆயிரம். ஒரு செக்கிங்கில் மாட்டினால் சனிக்கிழமை வாங்கிய வார சம்பளம் காலி.

சைக்கிளுக்கு இதில் எதுவும் கிடையாது. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். ஒரு காலத்தில் சைக்கிளுக்கும் நகராட்சி வில்லை வாங்க வேண்டும், ராத்திரியில் டைனமோ விளக்கு எரியாவிட்டால் போலீஸ்காரர் காற்றை பிடுங்கி விடுவார், டபுள்ஸ் போனால் இறக்கி விடுவார். பெரியவர்களை கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இன்றைக்கு போலீசார் சைக்கிள்காரரை திரும்பி கூட பார்ப்பதில்லை. போலீசார் மட்டுமா, லாரி டிரைவரும் பார்ப்பதில்லை. சிக்கலே அங்குதான் ஆரம்பம்.

பிறகு ஏன் யாரும் மிதிப்பதில்லை?

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் ஒருவரும் சைக்கிளுக்கு திரும்பவில்லை. அவர்கள் எல்லாம் கணக்கு தெரியாதவர்களா? பீஸ் ரேட்டில் காசு எண்ணுகிறவருக்கு கணக்கு தெரியாமல் இருக்குமா? காரணம் வேறு.

முதலாவது தூரம். ஊருக்குள் வாடகை ஏற ஏற தொழிலாளர்கள் வெளியே போய் விட்டார்கள். பெருமாநல்லூர், பல்லடம், மங்கலம் பக்கம் குடியிருந்து கொண்டு ஊருக்குள் வேலைக்கு வருகிறார்கள். கம்பெனிகளும் வெளியே போய் விட்டன. நேதாஜி ஆயத்த ஆடை பூங்கா, முதலிபாளையம் சிட்கோ எல்லாம் நகருக்கு வெளியில்தான் இருக்கின்றன. முன்பு 3 கிலோமீட்டர் இருந்த வேலை இப்போது 8, 10 என்று நீண்டு விட்டது. சைக்கிளை விட்டு பைக்குக்கு மாற்றியதில் பாதி பொறுப்பு இந்த தூரத்துக்கு உண்டு.

இரண்டாவது உடம்பு. காலை 8.30 மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை ஷிப்டு பார்த்து விட்டு இரவு 8.30, 9 மணிக்கு வெளியே வருகிற அயர்ன் மாஸ்டர் நாள் முழுக்க நின்றபடியே வேலை செய்தவர். அவரிடம் போய் 8 கிலோமீட்டர் மிதித்து போங்கள், உடம்புக்கு நல்லது என்று சொன்னால் அயர்ன் பாக்சை எடுத்து அடிக்க வருவார். அதில் நியாயமும் இருக்கிறது.

டெய்லர் கதை வேறு. அவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். இடுப்பு பிடிப்பு, கால் மரத்து போவது, சர்க்கரை என்று எல்லாம் வருகிறது. டாக்டர் நடக்க சொல்கிறார். ஊரில் எந்த கிரவுண்டுக்கு போனாலும் காலையில் வாக்கிங் கூட்டம். அந்த கிரவுண்டு வாசலில் பார்த்தால் வரிசையாக பைக்! நடப்பதற்கு பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறோம்.

மூன்றாவது, வெளியில் சொல்லாத காரணம். அது மரியாதை. சைக்கிளில் வந்தால் "இன்னும் சைக்கிள்தானா?" என்று கேட்பார்கள். பெண் பார்க்க போகும்போது மாப்பிள்ளைக்கு வண்டி இருக்கா என்பதும் ஒரு கேள்வி. வேடிக்கை என்னவென்றால், கோவையிலும் சென்னையிலும் கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு 40 ஆயிரம், 50 ஆயிரம் ரூபாய் கியர் சைக்கிளில் பறக்கிறார்கள். அவர்களை பார்த்து யாரும் பாவம் என்று சொல்வதில்லை. திங்கட்கிழமை 6 ஆயிரம் ரூபாய் சைக்கிளில் வேலைக்கு போகிறவரை பார்த்தால்தான் பாவம் என்கிறார்கள்.

வடமாநில தொழிலாளர்களிடம் இந்த கூச்சம் அவ்வளவாக இல்லை. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்தவர்கள் பழைய சைக்கிளை வாங்கி ஓட்டுகிறார்கள். மிச்சமாகும் காசு ஊருக்கு போகிறது. கம்பெனிக்கு பக்கத்திலேயே ரூம் எடுத்து தங்குவதால் அவர்களுக்கு தூரமும் ஒரு பிரச்சினை இல்லை.

சைக்கிள் அடியோடு ஒழிந்து விட்டது என்றும் நினைத்து விட வேண்டாம். 2011 மக்கள் தொகை கணக்கெடுப்பில் விவசாயம், வீட்டு தொழில் தவிர்த்த மற்ற வேலைகளுக்கு எப்படி போகிறீர்கள் என்று நாடு முழுக்க கேட்டார்கள். 100-ல் சுமார் 13 பேர் சைக்கிள், கிட்டத்தட்ட அதே 13 பேர் மோட்டார் சைக்கிள் அல்லது மொபட். கார், ஜீப், வேனில் போனவர்கள் 3 பேர் கூட தேறவில்லை. அதாவது 15 வருடத்துக்கு முன்பு வரை இரண்டும் சரிக்கு சமம்.

எமனாக நிற்கும் ரோடு

மேலே சொன்ன மூன்று காரணத்தையும் விட பெரியது இதுதான். பயம்.

அவினாசி ரோட்டிலோ காங்கயம் ரோட்டிலோ சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இடம் எங்கே இருக்கிறது? இடது ஓரம் என்பார்கள். இடது ஓரத்தில் நிறுத்தி வைத்த கார், தள்ளுவண்டி, தோண்டி மூடாத குழி. அதை சுற்றி வலது பக்கம் ஒதுங்கினால் பின்னால் பஸ் ஹாரன். துறைமுகத்துக்கு போகும் கண்டெய்னர் லாரி, தண்ணீர் லாரி, அடித்து பிடித்து ஓடும் கம்பெனி வேன்கள். தார் ரோட்டுக்கும் மண் ஓரத்துக்கும் நடுவில் அரை அடி பள்ளம். இறங்கினால் ஏற முடியாது, ஏறினால் இறங்க விட மாட்டார்கள்.

இரவில் இன்னும் மோசம். எதிரில் வரும் வண்டியின் எல்.இ.டி. விளக்கு கண்ணை குருடாக்குகிறது. தெரு விளக்கு எரியாத இடத்தில் சைக்கிள்காரர் இருப்பதே பின்னால் வருபவருக்கு தெரியாது. போதாக்குறைக்கு தெரு நாய்கள். பைக்கை துரத்தினால் முறுக்கி தப்பலாம். சைக்கிளில் காலைத்தான் தூக்க முடியும்.

2022-ல் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்து 105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதிகம். இறந்தவர்கள் 17 ஆயிரத்து 884 பேர். அதே ஆண்டு நாடு முழுக்க சாலையில் செத்தவர்களில் 100-க்கு 44 பேர் இருசக்கர மோட்டார் வாகனத்தில் போனவர்கள். சைக்கிளில் போனவர்கள் சுமார் 3 பேர். இதை வைத்து சைக்கிள்தான் பாதுகாப்பு என்று சொல்லி விட முடியாது. சைக்கிள் ஓட்டுகிறவர்களே குறைந்து விட்டார்கள், சைக்கிளில் போகிற தூரமும் குறைவு. ஆனால் ஒன்று உறுதி. பயந்து சைக்கிளை விட்டு பைக்குக்கு மாறியவர்கள் ஆபத்தில் இருந்து தப்பி விடவில்லை. மாதம் 3 ஆயிரத்து 490 ரூபாய் கொடுத்து வேறு ஒரு ஆபத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்ம பனியன், அவங்க சைக்கிள்

இங்கே ஒரு விஷயத்தை சொல்லியாக வேண்டும். திருப்பூரில் தைக்கிற பனியன், டி-சர்ட்டுகள் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் என்று கப்பல் ஏறுகின்றன. அந்த நெதர்லாந்தில் கார் வாங்க வசதி உள்ளவர்களே சைக்கிளில்தான் ஆபீசுக்கு போகிறார்கள். அதாவது நாம் தைத்த சட்டையை போட்டுக்கொண்டு அவர் சைக்கிள் மிதிக்கிறார். தைத்தவர் தவணை கட்டி பைக்கில் போகிறார்.

அவர்கள் பிறக்கும்போதே அப்படி இல்லை. அங்கேயும் கார் பெருகி, ரோட்டில் பிணம் விழுந்தது. 1971-ல் மட்டும் சுமார் 3 ஆயிரத்து 300 பேர் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கி மறியல் செய்தார்கள். குழந்தைகளை கொல்வதை நிறுத்து என்பதுதான் கோஷம். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்ட தடை போட்டார்கள். அதற்கு பிறகுதான் படிப்படியாக சைக்கிளுக்கு என்று தனி பாதை போட ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு அந்த நாட்டின் ஜனத்தொகை 1 கோடியே 30 லட்சம். தமிழ்நாட்டில் ஏழரை கோடிக்கும் மேல். ஜனத்தொகைக்கு தகுந்த மாதிரி பார்த்தால் 1971-ல் அங்கே நடந்த சாவும், 2022-ல் இங்கே நடந்த சாவும் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே மறியல் நடந்தது. இங்கே ஆம்புலன்சுக்கு வழி விட்டு விட்டு போகிறோம்.

கொடுத்ததும் பாதியில் நின்றதும்

அரசாங்கம் சைக்கிளுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்து பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரி வேலைக்கும், தண்ணீர் எடுக்கவும் சைக்கிளில் போனார்கள். 2001-2002-ல் ஆதிதிராவிட, பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் வந்தது. 2005-2006-ல் பிளஸ்-1 மாணவ-மாணவிகள் எல்லோருக்கும் என்று விரிந்தது.

அந்த சைக்கிளை பள்ளிக்கு பிள்ளை ஓட்டுகிறதோ இல்லையோ, பல வீடுகளில் அப்பா வேலைக்கு ஓட்டுகிறார். இதை குறையாக சொல்லவில்லை. ஒரு குடும்பத்துக்கு எது தேவையோ அதற்குத்தான் சைக்கிள் ஓடுகிறது.

2018-ல் வேலைக்கு போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம் கொடுத்தார்கள். அந்த திட்டம் பிறகு நின்று விட்டது. 2021-ல் சாதாரண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று வந்ததும் நிறைய குடும்பங்களில் ஒரு ஆள் செலவு குறைந்தது. ஆனால் ஒன்றரை ஷிப்டு முடிந்து வருகிற நேரத்துக்கு எல்லா ஊருக்கும் பஸ் இல்லை. அதனால் அவரை கூட்டி வர வீட்டுக்காரருக்கு பைக் தேவைப்படுகிறது. இப்படி ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொரு ஓட்டையில் பெட்ரோல் கசிகிறது.

ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருப்பூரும் இருந்தது. 2025 மார்ச்சோடு அந்த திட்டமே நிறைவு பெற்றது. தோண்டிய ரோடும் போட்ட ரோடும் உண்டு. பனியன் தொழிலாளி பயமில்லாமல் சைக்கிள் ஓட்ட ஒரு நீளமான பாதை இந்த ஊருக்கு கிடைத்ததா என்றால் ரோட்டுக்கு வந்து பார்த்தாலே விடை தெரியும்.

நமக்கு தோன்றுவது இதுதான். எல்லோரும் சைக்கிளுக்கு மாற வேண்டும் என்று சொல்வது வெட்டி பேச்சு. 10 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து வந்து நாள் முழுக்க நிற்பவருக்கு மொபட்தான் சரி. ஆனால் நான்கைந்து கிலோமீட்டருக்குள் வேலை பார்ப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். 4 கிலோமீட்டரை சைக்கிளில் நிதானமாக மிதித்தால் 16 நிமிடம். பைக்கில் சிக்னல், நெரிசல் எல்லாம் தாண்டி 10 நிமிடமாவது ஆகும். அந்த 6 நிமிடத்தை மிச்சம் பிடிக்கத்தான் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்காக ரோட்டு ஓரத்தில் பள்ளத்தை மூடி, நிறுத்திய வண்டிகளை எடுத்து, ஓரக்கோடு ஒன்று போட்டு, விளக்கு எரிய விட்டால் போதும். மேம்பாலம் கட்டும் செலவில் ஒரு தூணுக்கு ஆகும் காசு கூட இதற்கு ஆகாது. கம்பெனிக்காரர்கள் பழைய சைக்கிள் ஷெட்டில் ஒரு பாதியை திருப்பி கொடுக்கலாம். வேன் டீசல் அவர்களுக்கும் மிச்சம்தானே.

தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது

சைக்கிளோ பைக்கோ, வேலைக்கு வரும் வழியில் விபத்து நடந்தால் என்ன என்பது பல தொழிலாளர்களுக்கு தெரிவதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருப்பவருக்கு, வீட்டில் இருந்து வேலைக்கு வரும்போதும் வேலை முடிந்து திரும்பும்போதும் ஏற்படும் விபத்தை வேலையில் ஏற்பட்ட காயமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2010-லேயே சட்டம் திருத்தப்பட்டது. நேரமும் வழியும் வேலையோடு பொருந்தி வர வேண்டும், அவ்வளவுதான். அதனால் சின்ன அடி என்று விட்டு விடாமல் கம்பெனியில் அன்றைக்கே சொல்லி எழுதி வைக்க வேண்டும். கம்பெனி உங்கள் பெயரை ஈ.எஸ்.ஐ.யில் சேர்த்திருக்கிறதா என்பதை விபத்துக்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு கேட்டால் பதில் வராது.

சைக்கிளில் போகும்போது மோட்டார் வாகனம் மோதினால், நமக்கு இன்சூரன்ஸ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். மோதிய வண்டியின் மூன்றாம் நபர் இன்சூரன்சில் இருந்து நஷ்டஈடு கேட்டு வழக்கு போடலாம். மோதிய வண்டி எது என்றே தெரியாமல் ஓடி விட்டாலும், 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் படுகாயத்துக்கு 50 ஆயிரமும் கொடுக்க விதி இருக்கிறது. வருவாய்த்துறை அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். போலீசில் எப்.ஐ.ஆர். பதிவாகி இருப்பது முக்கியம்.

ராத்திரி மிதிப்பவர்கள் பின் மட்கார்டிலும் பெடலிலும் சிவப்பு, மஞ்சள் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். பைக் சீட் கவர் கடைகளில் கிடைக்கிறது. கூடவே ஒரு கைப்பம்பும் வைத்துக்கொள்வது நல்லது. முன்பு தெருவுக்கு ஒன்று இருந்த சைக்கிள் கடை இப்போது ஏரியாவுக்கு ஒன்று கூட இல்லை. இருக்கிற கடையும் ஒன்றரை ஷிப்டு முடிந்து நீங்கள் வருவதற்குள் சாத்தி விடுகிறார்கள்.